முதல் அடிக் கடிதங்கள்

பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அந்த நர்ஸை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்த டாக்டர்கள் உட்பட. வேலையில் கறார், வாயும் கொஞ்சம் நீளம். வலியில் துடிப்பவளிடம், "கத்தும்மா, நல்லா கத்து. என் கையை மட்டும் விட்டுட்டு கத்து" என்பார். ஆனால் தாயும் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பும்போது, தன் மின்னஞ்சல் முகவரி எழுதிய துண்டுச்சீட்டைத் தாயின் கையில் திணிப்பார்.

"பிள்ளை முதல் அடி வச்ச அன்னைக்கு எனக்கு ஒரு வரி எழுதணும். மறந்தா அடுத்த பிரசவத்துக்கு இந்தப் பக்கம் வராத."

பிள்ளை பிறப்பதைத்தான் அந்த வேலையில் பார்க்க முடியும். நடப்பதைப் பார்க்கக் கொடுத்து வைக்காது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள அக்கா கண்டுபிடித்த வழி அது. இருபது வருடமாகக் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் போட்டார்.

ஓய்வு பெற்ற மறு மாதம், அந்த இலவச மின்னஞ்சலை நடத்தும் கம்பெனி கடையைக் கட்டப் போவதாக அறிவித்தது. குறிப்பிட்ட தேதியில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு கடிதமும் மிஞ்சாது. விளம்பரம் என்று நினைத்து அக்கா இரண்டு அறிவிப்புகளைத் திறக்காமலே விட்டார். மூன்றாவதைப் படித்தபோது அந்தத் தேதியே வந்துவிட்டிருந்தது. உடனே, கம்ப்யூட்டர் தெரிந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்காரரைப் போனில் பிடித்தார்.

லீவு சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு அவர் வந்து சேர்ந்தார். "ஓசியில குடுத்தவன் சொல்லிட்டாவது மூடறானேன்னு சந்தோஷப்படுங்கக்கா."

"வியாக்கியானம் போதும். வேலையைப் பாரு."

"இத்தனை நாளா உங்க கடிதமெல்லாம் அவன் பீரோவுல இருந்துச்சு. நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு இருந்தீங்க. இப்ப எல்லாத்தையும் நம்ம கம்ப்யூட்டருக்கே இறக்கப் போறோம்."

கடிதங்களை இறக்கும் புரோகிராம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டார். அக்காவின் முகவரி, பாஸ்வேர்டு, கம்பெனி சர்வரின் பெயர், ஒரு எண் எல்லாம் கொடுத்தார். வெளிப் புரோகிராம் வந்து எடுக்கலாம் என்று இணையதளத்துக்குள் போய் அனுமதியும் போட்டார். பட்டனை அழுத்தியதும் கடிதங்கள் இறங்கின. நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆஸ்பத்திரி சுற்றறிக்கை, கரண்ட் பில், புடவைத் தள்ளுபடி.

"தம்பி, இதுல ஒரு பிள்ளைகூட நடக்கலையே."

ரெக்கார்டு ரூம்காரர் இணையதளத்தைத் திறந்து தேடினார். வந்த கடிதத்தைப் படித்ததும், மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது என்று 'நடந்தவர்கள்' என்ற தனி ஃபோல்டருக்கு மாற்றுவது அக்காவின் வழக்கம். அதில் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தன.

"பத்திரமா இருக்கட்டும்னு தனியா வச்சீங்க பாருங்க, அதான் வினையாப் போச்சு. இந்தப் புரோகிராம் இன்பாக்ஸ்ல இருக்கறத மட்டுந்தான் எடுக்கும். ஒண்ணு விடாம திருப்பி அங்க மாத்தணும்."

மணி பத்தே முக்கால். பக்கத்துக்கு இருபத்தைந்து கடிதம். இணையமோ ஆமை வேகம். அக்கா மௌஸைப் பிடுங்கிக்கொண்டார். குறியிடு, மாற்று, அடுத்த பக்கம். அவ்வப்போது ரெக்கார்டு ரூம்காரர் கையை நீட்டி, வந்த வரைக்கும் இறக்கிக்கொண்டார். பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கடிதமும் இறங்கியது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது இணையதளம். அக்கா பயந்துகொண்டே புரோகிராமில் ஒரு கடிதத்தைத் திறந்தார். திறந்தது. இன்னொன்று, அதுவும் திறந்தது.

இத்தனை வருடமும் இருபத்தைந்து இருபத்தைந்தாகத்தான் பார்த்திருக்கிறார். இப்போது எல்லாம் ஒரே வரிசையில், உருட்ட உருட்டத் தீராமல் வந்தன. 'நடந்துட்டான்.' 'சுவரைப் பிடிக்காம மூணு அடி.' 'விழுந்தா, திரும்ப எழுந்தா.' இத்தனை பேரையும் இந்தக் கைதானா வாங்கியது? அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பேர் வாரியாவும் அடுக்கலாம்கா" என்று ரெக்கார்டு ரூம்காரர் ஒரு கட்டத்தை அழுத்தினார். வரிசை மாறியது. உருட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். அவர் மனைவியின் பெயர். அவளுக்கும் அந்த வார்டில்தான் பிரசவம். கடிதத்துக்குப் பதினாறு வயது.

'அக்கா, இன்னைக்கு என் மக நடந்தா. நாலு அடி. அவர் வெளியூர்ல இருக்கார். பார்க்க முடியலைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போவார். அவர் வந்தப்புறம் முதல் தடவை நடக்கற மாதிரியே காட்டிக்கப் போறேன். நீங்களும் சொல்லிடாதீங்க.'

அக்காவும் கூடவே படித்தார். சொல்லாமல் காப்பாற்றியதெல்லாம் போச்சே என்று மனம் அடித்துக்கொண்டது.

"என்னைப் பார்த்துதான் என் மக முதல் அடி வச்சான்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்கா" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தம்பி..."

"நான் இதைப் பார்த்தேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க."

அக்கா தலையாட்டினார்.

"நாலு அடியாக்கா? எங்கிட்ட ரெண்டுதான் வச்சா."