மாவில் இறங்கிய கடல்மனிதன்

என் தம்பி அனியெல்லோ கட்டிக்கொண்டு வந்தவள் கார்மொசினா. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அவளைத் தெரியாதவர் யார்? மீனின் பெண்டாட்டி என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

ஸ்பெயின்காரப் பிரபு ஒருவரின் மாளிகைக் கூரையில் படம் எழுத, ஓவியர் தோன் ஒனொஃப்ரியோ அகன்ற தோள்காரன் ஒருவனைத் தேடினார். பவளத்துக்காகக் கடலில் முங்கும் என் தம்பி அகப்பட்டான். அவனை நிறுத்திவைத்து, இறகுப் பேனாவைப் பழுப்பு மையில் தொட்டுத் தொட்டுத் தாளில் வரைந்தார். இடுப்புக்கு மேலே அச்சாக அனியெல்லோ, கீழே செதிலும் வாலும். கையில் சங்கு. கடலரசன் மகன் திரித்தோனாம்.

கிணற்றடியில் பெண்கள் விடுவார்களா?

"ஏட்டி கார்மொசினா, ராத்திரி உம் புருசனைப் பொரிச்சியா, குழம்பு வச்சியா?"

"எங்க வீட்டுல பச்சை மீனுடி. உங்க வீட்டுல கிடக்கது கருவாடு!"

வசந்தத்தில் பவளப் படகு கிளம்பும் நாள் வந்தது. அடுப்புப் புகையில் கறுத்த சுவரைக் காட்டி அவள் முணுமுணுத்தாள்.

"விடுட்டி. குளிருக்கு முன்னால வந்து நானே வெள்ளையடிக்கேன்" என்று சொல்லிப் படகேறினான் தம்பி.

மற்றப் படகுகள் திரும்பின. அவன் படகு திரும்பவில்லை.

மறுவருடம் ஒருநாள், "மதினி, அவர் மூக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்குது" என்று அழுதாள். அழுத கையோடு ஓவியர் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"தாளைத் தர முடியாதும்மா, மாளிகை வேலை கிடக்கு" என்றார் அவர். தாளில் படத்தின் கோடு நெடுக ஊசியால் துளைத்து வைத்திருந்தார். அதைக் கூரையில் விரித்து, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டினால் படம் புள்ளி புள்ளியாக இறங்கும்.

"அப்போ எஞ்சுவருல ஒருதரம் தட்டிக் குடுங்க" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். எழுந்திருக்கிற ஜாதியா நாங்கள்? பொழுது சாயுமுன் அவரே தாளைச் சுருட்டிக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தார்.

"சுவர் கறுப்பால்ல இருக்கு? கரி தெரியாதே!"

கார்மொசினா ரொட்டி மாவை அள்ளித் துணியில் முடிந்தாள். அவர் தட்டத் தட்ட நெற்றி வந்தது, மூக்கு வந்தது, தோள் வந்தது.

வால் வந்ததும் அவருக்கே என்னவோ போலிருந்தது. "காலா மாத்திப் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"வேண்டாம் எஜமான். அம்புட்டுத் தூரம் நீந்தி வரணும்ல."

வருடங்கள் ஓடிவிட்டன. மாவு உதிர்ந்து மூக்கு போயிற்று, தோளும் போயிற்று. வாலில் கொஞ்சம் மிச்சம். ஈஸ்டர் வருகிறதே, நான் வெள்ளையடித்துத் தரட்டுமா என்று போன வாரமும் கேட்டேன்.

"அதுக்கு ஆள் வரணும் மதினி" என்றாள்.