வயித்தக் கலக்குது

பயமா, பேதியா?

"பயமா, பேதியா? ஒன்றைச் சொல்," என்றார் துரை, பேனாவைத் தூக்கியபடி.

நோயாளி தமிழில் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் வெள்ளைக்கார டாக்டரான துரைக்கு இங்கிலீஷில் சொல்வதுதான், பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என் வேலை. எதிரே நின்றவர் டிராம் கண்டக்டர் அந்தோணி. இரண்டு முறை வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓடியிருக்கிறார். வியாதிதான் என்று டாக்டர் கடிதம் கொடுக்காவிட்டால், மூன்றாவது ஓட்டத்தோடு வேலை போய்விடும்.

அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "வயித்தக் கலக்குது." பேதி கண்டவனும் அதைத்தான் சொல்கிறான், கோர்ட்டு வாசலில் நிற்பவனும் அதைத்தான் சொல்கிறான். எதை இங்கிலீஷாக்குவது? அந்தோணியையே கேட்டேன்.

"எது முதல்ல வருதுன்னு நின்னு பாக்க எனக்கு எங்கண்ணே நேரம்?"

நல்ல செய்தி

மறுவாரம் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை, பூச்சி இல்லை, இரத்தம் இல்லை. நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தோணியின் முகம் வாடிவிட்டது. சில நாள் நாலு தடவை போகிறது, பிறகு மூன்று நாள் போவதே இல்லை, வயிறு உப்பிக்கொள்கிறது, போய்விட்டு வந்தால் வலி தணிகிறது என்றார். எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். துரை "நரம்பு" என்றார். வயிற்றுக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே தமிழில் சொல்லிவைத்தேன். அந்தோணி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லாததுக்கா அண்ணே நான் இந்த ஓட்டம் ஓடுறேன்?"

கஞ்சி

துரை பத்தியம் சொன்னார். அடுத்த முறை அந்தோணியின் மனைவி சிசிலியும் கூட வந்தார். திங்கள் முதல் சனி வரை கஞ்சிதானாம், அப்படியும் வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஓட்டம். லீவு நாளான ஞாயிறன்று பூசை முடிந்து, பசாரில் கோழி வாங்கிக் காரமாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை.

நடிக்கிறானா என்பது போல் துரை என்னைப் பார்த்தார். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்: வீட்டில் இரண்டு முறை போய்விட்டு, செருப்பை மாட்டியதும் மூன்றாவது முறை திரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒன்றுமில்லை. அதை இங்கிலீஷில் சொல்லத் தைரியம் வரவில்லை.

சிசிலிதான் பேசினார்: "கோழி தின்னா ஒண்ணுமில்ல, கஞ்சி குடிச்சாக் கலக்குது. அப்ப கஞ்சியிலதான் கோளாறு லா!"

கடிதம்

கடைசியில் துரை எழுதிக் கொடுத்தார்: வலி உண்மை, காரணம் தெரியவில்லை. அது போதுமா என்று எனக்கும் புரியவில்லை, அந்தோணிக்கும் புரியவில்லை. டிராம் ஆபீசில் மேலதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து அந்தோணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாராம்.

"காரணம் தெரியாத வியாதிக்கு எத்தனை நிமிஷம் குடுக்கிறது?"

ஆயர் ஈத்தாம் டிராம்

இரண்டு நாள் கழித்து, ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் அந்தோணி எனக்கு டிக்கெட் கிழித்தார். டத்தோ கிராமாட் நிறுத்தத்தில் வண்டி நின்றதும் அவர் முகம் வெளுத்தது.

"அண்ணே, வயித்தக் கலக்குது," என்றார். இறங்கி ஓடினார்.

மணி அடித்தால் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். அதோடு அந்தோணியின் வேலையும் போய்விடும். இரண்டு மொழி தெரிந்தும் அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கு இன்றுவரை இங்கிலீஷ் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பயணி பொறுமையில்லாமல் மணிக் கயிற்றுக்குக் கை நீட்டினார். நான் எழுந்து, அந்தோணி திரும்பி வரும்வரை அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.