அண்ணன் விட்ட குடி

கொட்டாஞ்சேனையில் நானும் அண்ணனும் வேலை செய்த சாயப் பட்டறையில் குடிகாரனுக்கு இடமில்லை. முதலாளி எங்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். வேலைக்கும் அங்கிருந்தே ஆள் பொறுக்குவார். "குடிக்காதவன்தான் என்னட்டை வேலைக்காரன்" என்று அவர் சொன்னால் கூட்டத்தில் கைதட்டல் பறக்கும். ஒழுக்கத்துக்குக் கிடைத்த வேலை என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். கள்ளும் சாராயமும் விற்கும் தவறணையை மூடுவதா வேண்டாமா என்று ஊரிடமே வாக்குக் கேட்கும் சட்டத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்திருந்த காலம் அது. எங்கள் சந்தித் தவறணையை மூடவேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவன் அண்ணன்.

குடைத்துணிக்குக் கறுப்பு ஏற்றுவது எங்கள் தொழில். அதற்கு அனிலின் உப்பு வேண்டும். நிலக்கரித் தாரிலிருந்து வரும் அனிலின் எண்ணெயோடு உப்பு அமிலம் சேர்ந்து உறைந்த படிகம் அது. பீப்பாயைத் திறக்கும்போது வெள்ளை. காற்றுப் பட்டால் பச்சை பாய்ந்த சாம்பல். அதைக் குளோரேட்டோடு கரைத்து, துணியைத் தோய்த்துப் பிழிந்து, சூட்டறையில் தொங்கவிடுவோம். அங்கே துணி கரும்பச்சையாகும். பிறகு பைக்குரோமேட் தண்ணீரில் போட்டால் அசல் கறுப்பு. மழைக்கும் போகாது, சவர்க்காரத்துக்கும் போகாது. நான் வெளியே தண்ணீர்த் தொட்டியில் நின்றேன். சூட்டறைக்குள் நின்று துணியைத் திருப்பியவன் அண்ணன். ஆவி முழுக்க அவனுக்குத்தான்.

புழுக்கமான நாட்களில் அவன் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்துவிடும். தலை இடிக்கும், நாக்குக் குழறும், கால் பின்னும். முதலாளி கண்டால், "போய்க் கொஞ்சம் காத்து வாங்கிப்போட்டு வா" என்பார். பாலும் வாங்கிக் கொடுப்பார். நல்ல மனுசன் என்று நினைத்தோம்.

வாக்கெடுப்பு நெருங்கியிருந்த ஒரு மாலை, சந்தியில் கூட்டம். பட்டறையிலிருந்து நேரே வந்து மேடையேறிய அண்ணனுக்கு, "சகோதரர்களே" என்ற சொல்லே துண்டு துண்டாக விழுந்தது. மேசையைப் பிடிக்கப் போனவன் மேசையோடு சரிந்தான். தவறணைக்காரனின் ஆட்கள் விசிலடித்து, "மதுவிலக்கு ஐயாவுக்கு இன்னொரு கிளாஸ்!" என்று கத்தினார்கள். பனைமரத்துக்குக் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்களாம். அண்ணன் பனைமர நிழலில்கூட நின்றதில்லை.

மேடையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் முதலாளி. இது உப்பின் வேலை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவர் எழும்பி, "தவறினவர் ஆராயிருந்தாலும் சங்கத்திலை இடமில்லை" என்றார். மறுநாள் பட்டறையிலும் இடமில்லை என்றாயிற்று. நானும் வேலையை விட்டெறிந்தேன்.

பொரளையில் ஒரு டொக்டரிடம் அண்ணனைக் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று கேட்டவர் உதட்டைப் பார்த்தே சொல்லிவிட்டார். "அந்த உப்பின்ரை ஆவி ரத்தத்தைக் கெடுத்துப்போடும், தம்பி. குடிவெறிகாரன் மாதிரி ஆட வைக்கும். சாராயம் குடிக்கிறவனெண்டால் உயிருக்கே மோசம். அதாலைதான் விசயம் தெரிஞ்ச முதலாளிமார் குடிக்காத ஆக்களாப் பாத்து எடுக்கிறவை."

ஒழுக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சீக்கிரம் செத்துத் தொலையாமல் உழைக்கும் உடம்பைத்தான் அந்த மனிதர் சங்கத்தில் தேடியிருக்கிறார்.

தெருவில் சொல்லிப் பார்த்தேன். "உப்பு வெறிக்குமோடா? அப்ப எங்கட சம்பலுக்கும் கொஞ்சம் போடு" என்று சிரித்தார்கள். இதற்குள் சூட்டறையை விட்ட அண்ணனின் உதடு சிவந்தது, நடை நேரானது. அதுவே வினையாகப் போயிற்று. "பாத்தியளே, குடியை விட்டவுடனை ஆள் எப்பிடித் தேறியிட்டான்!" என்றார்கள்.

குடிகாரன் என்று பெயர் எடுத்தவனுக்கு ஒருவரும் வேலை தரவில்லை. கடைசியில் முதலாளியே ஆளனுப்பினார். தன் புடைவைக் கடையில் வேலை தருகிறாராம். மேடையேறிக் குடியை விட்டேன் என்று சத்தியம் செய்தால் போதுமாம்.

"போகாதை அண்ணை" என்று கத்தினேன்.

"பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? நீ சொல்லு" என்றான்.

போனான். "இனிக் குடிக்கமாட்டன்" என்றான். முதலாளி மாலை போட்டார். தெருவே கைதட்டியது. அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் திருந்திய மனிதன் என்று அவனை எழுப்பிக் காட்டினார்கள். அவனும் எழும்பி நின்றான். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

பல வருடங்கள் கழித்து அண்ணன் செத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு வெள்ளவத்தையில், அவன் மூத்த மகன் வீட்டில் நடந்தது. யாரோ அண்ணனைப் புகழ, மகன் கண்கலங்கி, "அப்பா ஒரு காலத்திலை நல்லாக் குடிச்சவர். ஆனா விட்டவர் பாருங்கோ, அதுதான் ஆம்பிளை" என்றான்.

"இல்லையடா, உன்ரை அப்பா ஒரு சொட்டும் குடிச்சதில்லை" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மறைக்காதேங்கோ சித்தப்பா. அப்பாவே என்னட்டைச் சொன்னவர்."