கிதான் பொன்முகமும் என் அடையாள அட்டையும்

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக நிற்பவருக்கு முதலில் வலிப்பது கால், பிறகு தலை. நின்று பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆசிரியப் பணியில் ஓய்வுபெற்று, அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் நகரில் மகள் வீட்டில் பகலெல்லாம் தனித்திருந்த நான், கிதான் கலைக் கண்காட்சியில் தன்னார்வ வழிகாட்டியாகச் சேர்ந்தேன். கிதான் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடசீனத்தை ஆண்ட நாடோடிகள். முதல் மூன்று வாரங்களில் ஒரு புகார் வந்தாலும் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார் மேற்பார்வையாளர் லிண்டா. அன்று முதல் எனக்கு அதே கவலை.

கூடார அரசு

பேரரசர் பருவந்தோறும் இடம் மாறுவார், அமைச்சர்களும் கூடாரங்களோடு உடன் செல்வார்கள் என்று விளக்கினேன். பார்க்க வந்த மென்பொருள் நிறுவன இளைஞர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அப்போ ஆபீஸே கிடையாதா? இத எங்க மேனேஜர்கிட்ட வந்து சொல்லுங்க ஆன்ட்டி!"

இரண்டு குலங்கள்

அரசர் ஒரு குலம். அரசி பெரும்பாலும் மற்றொரு குலம். தலைமுறைதோறும் இப்படியே மணந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று சக வழிகாட்டி ராபர்ட் தாளில் கோடுகள் வரைந்து குழம்பினார். வரைந்து காட்டப் போன நானும் குழம்பினேன். பார்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்து மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

"இதில என்ன குழப்பம் டீச்சர்? மச்சாளைக் கட்டியிருக்கினம், அவ்வளவுதான்."

பொன்முகம்

மூன்றாம் வாரக் கடைசி நாள். பட்டுப் புடவை உடுத்திய அம்மையார் ஒருவர் தங்க முகமூடியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணாடிப் பேழையை மும்முறை வலம்வந்து, "எந்த ஊர் அம்மன் இது?" என்று கேட்டார். பொய் சொல்ல நா எழவில்லை. "அம்மன் இல்லை. இறந்தவர் முகத்தில் அணிவித்துப் புதைத்தது" என்றேன்.

"ஐயையோ! கிரகப்பிரவேசத்துக்குப் போறேன், பால் காய்ச்சறதே நான்தான்! கும்பிடறப்பவே தடுக்க வேண்டாமா நீங்க?"

நேரே லிண்டாவிடம் போய்த் தமிழிலேயே முறையிட்டார். என்மீது வந்த புகாரை நானே ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். லிண்டா புகார்ப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். சத்தம், வெளிச்சம், பணிவின்மை என்று மூன்றே கட்டங்கள்.

"தவறான முகத்தை வணங்கியதற்குக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாதது புகார் ஆகாது. அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்."

பாட்டிலை வாங்கிய அம்மையார் அதைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

"செத்தவங்க மூஞ்சின்னு தமிழ்ல ஒரு போர்டு வெச்சா என்னவாம்?"

அட்டை என்னிடமே நிலைத்துவிட்டது. அது என் திறமையாலா, படிவத்தின் குறையாலா என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.