இடது பின்சக்கரத்தில் இருந்தது என் கை

கன்னியப்பன் மேஸ்திரி போன செய்தி வந்தபோது நான் திருநின்றவூர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். அவர் மகள் செல்விதான் போனில். "பெரியப்பா, அப்பா காலைல எழுந்துக்கவே இல்ல" என்றாள். வெறும் பையோடு ரயிலேறி அம்பத்தூரில் இறங்கினேன். பை இன்னும் கையில் இருப்பது அவர் கால்மாட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

மதியத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையின் பட்டறைக்காரர்கள், கார் பந்தயத்தில் கூட வேலை செய்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள். முதலாளியும் வந்தார். நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் உழைத்த பந்தயக் குழுவின் சொந்தக்காரர் அவர். ஆளுயர மாலையைப் போட்டுவிட்டு, போனை நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேரிடம் பேசினார்.

"நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு தடவை சக்கரத்தை டைட் பண்ண மறந்துட்டார். எங்களுக்கு சாம்பியன்ஷிப்பே போச்சு. ஆனா நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்."

வாய் திறந்து பதில் சொல்ல முடியாதவர் மேல் மன்னிப்பைப் போட்டுவிட்டுக் காரேறிப் போனார். நினைவு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று செல்வி கேட்டபோது நான் உடனே சரி என்றது அதனால்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். மேஸ்திரி எவ்வளவு நல்லவர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் அந்தச் சக்கரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நசரத்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையில் போனால் வருமே, அந்தப் பந்தயத் தடத்தில்தான் சீசனின் கடைசிப் பந்தயம். ஆறு மணி நேரம் ஓடும். ஒரே ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். நடுவில் வண்டி எங்கள் கொட்டகைக்கு வரும், பிட் என்பார்கள். பெட்ரோல் ஊற்றி, நாலு டயரையும் மாற்றி, ஆளை மாற்றி அனுப்ப வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு நாம் கத்துவது கேட்காது. அதனால் எங்கள் தலைமை மெக்கானிக்கான மேஸ்திரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். நாலு சக்கரத்தின் நட்டையும் தன் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு வண்டியின் டாப்பில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் கிளம்ப வேண்டும். அந்தத் தட்டு அவர் கையிலிருந்து மட்டும்தான் வரலாம். "வேற எவன் கை பட்டாலும் அந்தக் கைய ஒடச்சி அடுப்புல வெப்பேன்" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் நாங்கள் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். நாலாவது மணியில் வண்டி உள்ளே வந்தது. முதலாளியின் மகன், சின்னவர், ஏறி உட்கார்ந்தார். எனக்கு எப்போதும் இடது பின்சக்கரம். புது டயரை ஏற்றி, நட்டைக் கையால் இரண்டு திருகு திருகி, முடுக்குகிற ஏர் கன்னை அதன் மேல் வைத்தேன். மேஸ்திரி முன்சக்கரத்தைத் தொட்டுவிட்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தார். அப்போது முதலாளி கொட்டகைக்குள்ளிருந்து ஓடிவந்தார். மகன் முதல் தடவையாக முதலிடத்தில் வண்டியை எடுக்கப் போகிறான் என்ற பூரிப்பு. "போடு ராஜா!" என்று டாப்பில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி கிளம்பிவிட்டது. ஏர் கன் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. மூன்றாவது வளைவில் சக்கரம் தனியாக உருண்டு புல்லில் போய்ப் படுத்தது. சின்னவருக்கு அடி ஒன்றும் இல்லை. சாம்பியன்ஷிப் போனது.

சாயங்காலம் முதலாளி ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். "இன்சூரன்சுக்கு, ஏழுமலை. நீதானே அந்தச் சக்கரத்துல இருந்தே, ஒரு ரேகை வை" என்றார். வைத்தேன். மறுநாள் பந்தயம் நடத்துகிறவர்கள் மேஸ்திரியைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார்கள். சக்கரத்தை முடுக்காமலேயே மேஸ்திரி டாப்பில் தட்டி வண்டியை அனுப்பினார், நான் கண்ணால் பார்த்தேன் என்று அதில் இருந்ததாம். கீழே என் கட்டைவிரல். மற்றச் சக்கரங்களில் நின்றவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களும் இந்த மலரைக் கையில் வாங்கியிருப்பார்கள். படிக்கட்டும்.

விஷயம் தெரிந்ததும் நான் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னால் வாசற்படி தாண்ட முடியவில்லை.

"இன்னா அண்ணாத்தே, அங்கயே நின்னுகினு கீறே? உள்ள வா."

"நான்தான் ரேகை வெச்சேன், மேஸ்திரி."

"தெரியும். உன் ரேகைக்குக் கண்ணு கீதா? காயிதத்தை நீட்டுனவனுக்குக் கீது. ஒக்காரு, துன்னு."

"போய் உண்மையச் சொல்லிடலாம்."

"சொன்னா எவன் நம்புவான்? நேத்து ஒண்ணு சொன்னே, இன்னிக்கு வேற ஒண்ணு சொல்றியான்னு உன்னைத்தான் கேப்பான். கம்முனு இரு. அந்தாளை டிராக்லயே பாத்துக்கலாம்."

மூன்று சீசன் யாரும் அவரை பிட்டுக்குள் சேர்க்கவில்லை. எஸ்டேட் டீக்கடையில், "மேஸ்திரி, என் சைக்கிள் பக்கத்துல வராதீங்க, சக்கரம் கழண்டுக்கும்" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார். எவன் எவன் என்ன சொன்னான் என்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் வரிசையாகச் சொல்வார். ஒருவரையும் விடமாட்டார்.

நாலாவது வருடம், லேத் பட்டறை வைத்திருந்த விமலாம்மா பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பந்தயத்தில் இறக்கினார். கன்னியப்பனா, வேண்டாம் என்று பலபேர் சொன்னார்கள். "ஒரு தடவ கழண்டுபோச்சு இல்ல? இனிமே தூக்கத்துலகூட தொட்டுப் பாப்பாரு. வரச் சொல்லு" என்றாராம் அந்த அம்மா. மேஸ்திரி என்னையும் கூட்டிக்கொண்டார்.

கடைசிப் பந்தயம். முதலாளியின் வண்டி எங்களுடையதைவிட வேகம்; ஓட்டத்தில் பிடிக்க முடியாது. ஆனால் முதலாளிக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்த கொட்டகையைப் பார்த்துத்தான் தன் கொட்டகையை நடத்துவார். நமக்கு முன்னால் யாரும் டயர் மாற்றிவிடக் கூடாது. மேஸ்திரி அதை ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

"அண்ணாத்தே, டயரை எடுத்துகினு வெளிய போய் நில்லு. மூஞ்சில அவசரம் தெரியணும்."

"வண்டி வருதா?"

"வராது. நீ நில்லு."

நின்றேன். பக்கத்துக் கொட்டகையில் முதலாளி எழுந்து பார்த்தார், கத்தினார், ஆட்கள் ஓடினார்கள். டாங்கில் பெட்ரோல் பாதி இருக்கும்போதே அவர் வண்டியை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நான் டயரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மேஸ்திரி மறுபடி நில்லு என்றார். முதலாளி ஆட்கள் மறுபடியும் தங்கள் வண்டியைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் நிரப்பினால் கடைசியாக ஊற்றிய பெட்ரோல் முடிவுவரை வராது. பந்தயம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது, முன்னால் ஓடிய அவர் வண்டி பெட்ரோலுக்காக உள்ளே வந்தது. எங்கள் வண்டி அதைத் தாண்டிப் போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கோப்பையை வாங்க மேஸ்திரி போகவில்லை. நேராக முதலாளி எதிரே போய் நின்று, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "நைனா, அடுத்த வருசமாச்சும் பக்கத்து ஊட்டு அடுப்பைப் பாக்காம உங்க ஊட்டு உலையைப் பாருங்க."

திரும்பும்போது பூந்தமல்லி நெரிசலில் வேன் நின்றது. "ஆறிச்சா, மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"வண்டி ஜெயிச்சுது. என் பேரு ஜெயிக்கலியே. தட்டுனது நான்தான்னு அந்தாள் வாயால சொல்லணும். அதுவரிக்கும் ஆறாது."

"மன்னிச்சுட்டாத்தான் இன்னா?"

"அவன் கேக்கவே இல்லியே, அண்ணாத்தே. கேக்காதவனை மன்னிக்க நான் இன்னா சாமியா?"

எட்டு வருடம் காத்திருந்தார். கல்யாண வீடுகளில் முதலாளி எதிரே வருவார், "சௌக்கியமா கன்னியப்பன்?" என்பார். மேஸ்திரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதலாளிதான் நகர்ந்து போவார். கடைசியில் உண்மை வரவில்லை, மன்னிப்பு வந்தது. அதுவும் மாலையோடு.

ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. திறந்து வைக்க முதலாளியை அழைத்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள் எடுத்த முடிவு. இந்த இடத்தில் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெரியப்பா, அவரு வர்ற அன்னைக்கே இது வேணுமா?"

"அவரு வர்றதாலதான் வேணும். முன்வரிசையில உக்கார வெச்சு முதல் மலரை அவரு கையிலதான் குடுப்பாங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்றாள்.

முதலாளி, நீங்கள் இதைப் படித்து முடிக்கும்போது மேடையில் மைக் இருக்கும். டாப்பில் தட்டியது என் கை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சின்னவருக்கும் தெரியும், அவர் தலைக்கு மேல்தான் அந்தத் தட்டு விழுந்தது. சொல்ல முடியாதென்றால் படத்தைத் தொடாதீர்கள். அவர் மகள் திறப்பாள்.

மேஸ்திரியின் ஸ்பானர்களை மருமகன் எடுத்துக்கொண்டார். அவருடைய டூவீலரைப் பேரன் எடுத்துக்கொண்டான். எனக்கு வந்தது அவர் கோபம். பன்னிரண்டு வருடம் ஒருநாள்கூடத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருந்தார். இனி அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.