முதுகுப் பக்கம் திறக்கும் சட்டை

என் மனைவிக்கு முதலில் ஓய்ந்துபோனது வலது கட்டைவிரல். ஒரு சனிக்கிழமை காலை, கூடத்து மேசையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினாள். கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது, சாணை பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றாள். நானும் கொண்டுபோய்ச் சாணை பிடித்து வந்தேன். அடுத்த வாரமும் அதே குறை சொன்னாள். நான் வாங்கி வெட்டிப் பார்த்தேன், துணி சர்ரென்று இரண்டாகப் பிரிந்தது. குறை கத்தரிக்கோலில் இல்லை என்று அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. மீதித் துணியை நான் வெட்டிக் கொடுத்தேன். கோணலாக இருந்தது. பரவாயில்லை, மடிப்பில் மறைந்துவிடும் என்றாள்.

நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் இருக்கிறோம். பாசிர் கூடாங்கில் பாமாயில் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவள் குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இரவு வேலை முடித்து வந்து பகலில் நான் தூங்க வேண்டும் என்பதற்காக டிவி, ரேடியோ எதையும் போடாமல் வீட்டை அமைதியாக வைத்திருப்பாள். அந்த அமைதியில் செய்ய வேறு எதுவும் இல்லாமல்தான் ஊசியைக் கையில் எடுத்தாளாம். மகள் பிறந்த பிறகு தையல் மெஷின் வந்தது. மெஷின் சத்தத்தில் தூங்க நான் பழகிக்கொண்டேன். பிற்காலத்தில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அவள் பெரியவர்களுக்குத் தைத்ததில்லை. பிள்ளைகளின் உடுப்பு மட்டும்தான். மகளுக்குக் கவுன், பாவாடை சட்டை. மகள் வளர்ந்துவிட்ட பிறகு எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அதற்கு ஒரு சட்டை. மீந்த துண்டுகளை ஒட்டுச் சேர்த்துச் சின்னச் சின்னப் போர்வைகளும் செய்வாள். இதையே தொழிலாகச் செய்யலாமே என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துச் செய்வதைத் தொழிலாக்கினால் பிறகு பிடிக்காமல் போய்விடும் என்பாள். தீபாவளிக்கு முன்னால் வருடம் தவறாமல் தங்காக் என்ற ஊருக்குப் போவோம். அங்கே வரிசையாகத் துணிக்கடைகள். நான் ஏதாவது ஒரு கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டு லேடாங் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அவள் கடை கடையாக ஏறி இறங்கி, சுருளின் கடைசியில் மிஞ்சிய துண்டுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவாள். இது எதற்கு என்று கேட்டால், இன்ன வீட்டுப் பிள்ளைக்கு என்று உடனே பதில் வரும். வேறு எதற்கும் அவள் அவ்வளவு தூரம் பயணம் வரமாட்டாள்.

கட்டைவிரலுக்குப் பிறகு மற்ற விரல்கள். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பல தடவை அலைந்தோம். தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்று கடைசியில் ஒரு டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். கை, கால், பேச்சு, விழுங்குவது, மூச்சு. இந்த வரிசையில் போகலாம், மாறியும் போகலாம், நிறுத்த மருந்து இல்லை என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நன்றி டாக்டர் என்று சொல்லி எழுந்தாள்.

எங்கள் மகள் அப்போது கல்யாணமாகி ஜொகூர் பாருவில் இருந்தாள். சிங்கப்பூரில் அலுவலக வேலை. காலை இருட்டோடு கிளம்பிப் பாலத்தைக் கடக்க வேண்டும். அவள் கர்ப்பம் என்ற செய்தி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், காரில், என் மனைவி விரல் விட்டு மாதங்களைக் கணக்குப் பார்த்தாள். மடங்காத விரல்களை இடது கையால் மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

“பிள்ள பொறக்கிற வரைக்கும் கை இருக்குமாங்க?” என்று கேட்டாள்.

“என் கை இருக்குல்ல” என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே மெஷின் முன்னால் என்னை உட்காரவைத்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். பம்ப், மோட்டார், வால்வு என்று முப்பது வருடத்துக்கு மேல் பிரித்துப் பூட்டியவன் நான். இந்தச் சின்ன மெஷின் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மெஷின் மிதியைக் கார் மிதியைப் போல அழுத்தி மிதித்தேன். ஊசி ஒடிந்தது. அடுத்த ஊசியும் ஒடிந்தது. துணியை இழுக்கக் கூடாது, அது தானாகப் போகும், வழி மட்டும் காட்டுங்கள் என்றாள்.

பிறந்த குழந்தையின் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழந்தைக்குக் கையை வளைக்கத் தெரியாது, கழுத்தும் நிற்காது. அதனால் தலை வழியாகப் போடக் கூடாது. முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து கைகளை நுழைத்து, பின்னால் நாடாவால் கட்ட வேண்டும். பட்டன் குத்தும், வேண்டாம். தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் தோலை உறுத்தும். கை நுழையும் இடம் தாராளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சட்டைக்குள் கையை விடுவது குழந்தை இல்லை, அம்மாதான் வெளியிலிருந்து தன் விரலை விட்டு அதன் கையைப் பிடித்து இழுப்பாள்.

நான் தைத்த முதல் சட்டையில் ஒரு கை முன்னால் பார்த்தது, இன்னொரு கை பின்னால் பார்த்தது. தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, கண்ணீர் வந்தது, பிறகு அது அழுகையாக மாறிவிட்டது. தானாக அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அடக்க முடியாத சிரிப்பும் அழுகையும் இந்த நோயில் வரக்கூடியதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் அவள் சிரிக்கும்போதெல்லாம் இது அவள் சிரிப்பா, நோயின் சிரிப்பா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சிரித்தால் கூடச் சிரிப்பது என்பது என்னிடமிருந்து போய்விட்டது.

சட்டைகள் ஓரளவு தேறிய பிறகு போர்வை என்றாள். மகள் சின்ன வயதில் போட்ட கவுன்களை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருந்தாள். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுச் சேர்க்க வேண்டும், மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றாள். அவளுக்குப் பேச்சு அப்போது குழறத் தொடங்கியிருந்தது. முதல் கவுனை விரித்து வைத்துக்கொண்டு நான் தயங்கினேன்.

“பெட்டியில வச்சு யாருக்கு? வெட்டுங்க” என்றாள்.

பாதி வெட்டியிருந்தபோது மகள் வந்துவிட்டாள். மஞ்சள் கவுன் ஒன்று துண்டு துண்டாக மேசையில் கிடந்தது. முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாற்றிக்கொண்ட கவுன் அது. அவளுக்கு அது நினைவிருந்திருக்க வேண்டும். வெளியே போய்க் கார் நிற்கும் இடத்தில் நின்றாள். நான் பின்னால் போனேன்.

“அம்மா இருக்கும்போதே இத வெட்டணுமாப்பா?” என்றாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, வெட்டிய சதுரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து அடுக்கினாள். வயிறு மேசையில் இடித்தது. அவளுடைய அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்வை முடியும் முன்பே பேச்சு முழுக்கப் போய்விட்டது. நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். நான் செய்தது சரி என்றால் கண்ணை மூடித் திறப்பாள். தவறு என்றால் பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்புவாள். சுவரைப் பார்த்தால் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன். வரிசைகள் சேரும் இடத்தில் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அதில் அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். கடைசி வரிசையில் மட்டும் மூலை விலகியிருந்தும் கண்ணை மூடித் திறந்தாள். எனக்காக விட்டுவிட்டாளா, அவளுக்கே முடியவில்லையா என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுக்கு உடுப்பு மாற்றுவது பெரிய வேதனையாகிவிட்டது. கைகள் இரண்டும் விறைத்துப்போய் உடம்போடு ஒட்டியிருந்தன. வீட்டில் அவள் போடுவது தொளதொளவென்ற நீள அங்கியான கஃப்தான்தான். அதைத் தலை வழியாக மாட்டிக் கையைத் தூக்கும்போது தோள்பட்டை வலியில் முகம் சுருங்கிவிடும். சத்தம்கூட வராது. ஒரு மத்தியானம் குளிப்பாட்டிவிட்டு உடுத்தும்போது வலி தாங்காமல் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவளைத் துண்டால் போர்த்தி அப்படியே படுக்கவைத்தேன். அலமாரியிலிருந்து அவளுக்குப் பிடித்த நீலக் கஃப்தானை எடுத்து முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். கை நுழையும் இடத்தைப் பெரிதாக்கினேன். ஓரத்தை மடித்துத் தைத்து, பின்னால் நாடா வைத்தேன். தையல் வெளிப்பக்கம். யோசித்துச் செய்யவில்லை, கைக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

முன்னாலிருந்து அவளுக்குப் போட்டுவிட்டேன். வெளியிலிருந்து என் விரல்களை விட்டு அவள் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தேன். வலிக்கவில்லை. ஒருபக்கமாகத் திருப்பி நாடாவைக் கட்டினேன். அவள் குனிந்து பார்க்க முடியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் தோளில் தெரிந்த தையலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன தைத்திருக்கிறேன் என்று அவள் பார்வையில்தான் எனக்கே தெரிந்தது.

“கொழந்த சட்டதான்” என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

பேத்தி பிறந்தாள். முப்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் போர்வையை விரித்து, என் மனைவியின் பக்கத்தில் குழந்தையைப் போட்டோம். நான் அவள் கையை எடுத்துக் குழந்தையின் வயிற்றில் வைத்தேன். குழந்தை காலால் உதைத்து அதைத் தள்ளிவிட்டது. மறுபடி எடுத்து வைத்தேன். மறுபடியும் உதைத்தது. அந்த உதையை அவள் ரசித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே மாதிரித் தைத்த உடுப்பு. மகள் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டினாள். இரண்டு உடுப்பையும் ஒருசேரப் பார்த்தவள், எடுக்காமல் பையில் போட்டுவிட்டாள்.

தீபாவளிக்குப் புடவை கட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பார்வையாலேயே அலமாரியைக் காட்டிக் கேட்டாள். அரக்குப் பட்டு ரவிக்கை ஒன்றை முதுகில் திறந்து நாடா வைத்துக் கொடுத்தேன். மகள்தான் புடவையை உடம்பில் சுற்றிவிட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், பலகாரம் வாங்க வந்தவர், அழகாக இருக்கிறாய் என்று மலாயில் சொல்லி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மழைக்காலம். ஒரு காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது மூச்சு மிக மெல்லியதாக இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. வெளியே ஆலைப் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

உறவுப் பெண்கள் வந்து அவளைக் குளிப்பாட்டினார்கள். கல்யாணப் புடவை கட்டலாம் என்றார்கள். எந்த ரவிக்கையும் போட முடியவில்லை, கை மடங்கவில்லை. வெட்டித்தான் போட வேண்டும் என்று என் அண்ணி சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. நான் அந்த அரக்கு ரவிக்கையை எடுத்துக் கதவிடுக்கில் நீட்டினேன். இப்படி யார் தைத்தது என்று உள்ளே அண்ணி கேட்டார்.

“அப்பா” என்றாள் மகள்.



கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். பகலில் தூங்கப் பார்ப்பேன். சத்தம் இல்லாத வீட்டில் தூக்கம் வராது. மகள் சனி ஞாயிறுகளில் குழந்தையோடு வருவாள். பாலத்து நெரிசலில் வாரம் முழுக்க நின்று களைத்திருப்பாள், சோபாவிலேயே தூங்கிவிடுவாள். குழந்தை என் மடியில் இருக்கும்.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கியபோது உறையை எடுத்தேன். தங்காக்கில் வாங்கிய பூப்போட்ட துணி ஒன்று மிச்சமிருந்தது. ஒரு கவுன் தைத்தேன். கை இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. இடுப்புச் சுருக்கு சீராக விழுந்தது. தைத்து முடித்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். சரியா தவறா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

பிறந்தநாளன்று காலையில் மகள் அதைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள். தலையில் இறங்கவில்லை. இழுத்துப் பார்த்தாள், குழந்தை அழுதது. போர்வையில் கிடந்து உதைத்த குழந்தையின் அளவில்தான் நான் வெட்டியிருக்கிறேன். வாரா வாரம் மடியில் தூக்கி வைத்திருந்தும் அது வளர்ந்தது என் கைக்கு எட்டவில்லை. மகள் கவுனைக் கழற்றி, மடித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“தையல் நல்லா வந்திருக்குப்பா. அடுத்த தடவ அளவெடுத்துக்குங்க” என்றாள்.

கடையில் வாங்கிய கவுனைப் போட்டுக்கொண்டு குழந்தை கேக் வெட்டியது. எல்லோரும் கிளம்பும் முன் நான் டேப்பை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் மண்டியிட்டேன். அது நிற்கவில்லை. டேப்பின் ஒரு முனையைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு நடந்தது. நான் மறுமுனையைப் பிடித்தபடி கூடம் முழுக்க அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.