ஆளில்லாத ஆசனத்தின் வாக்கு

சவரிமுத்து புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். வட பிரான்சில், கம்பளி ஆலைகள் நிறைந்த ஓர் ஊரில், அவ்வூர் நாடாளுமன்ற உறுப்பினர் கொலொம்பெலின் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தார். பிறகு கம்பளி வாங்கும் கம்பெனியொன்று அவரை சிட்னிக்கு அனுப்பியது. அங்கே ஹோம்புஷ் பகுதியில் ஒரு ஃபிளாட்டில் மனைவி மார்கரெட்டோடு குடியிருந்தார்.

கொலொம்பெல் இடதுசாரியுமல்ல, வலதுசாரியுமல்ல. நடுவில் நின்றே தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்தவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதைத் தாங்குகிறவன்தான் நேர்மையானவன் என்று சவரிமுத்து நம்பினார். சுலபமான நம்பிக்கைதான், ஆனாலும் அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரியது வேறில்லை.

1973இல் பிரான்ஸ் பசிபிக் கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. சிட்னி துறைமுகத் தொழிலாளர்கள் பிரெஞ்சுக் கப்பல்களைத் தொட மறுத்தார்கள். பக்கத்து ஃபிளாட்டு ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்தவர், துறைமுகத்தில் வேலை. அவர் வீட்டு விருந்தில் பேச்சு சூடாயிற்று.

"சேத்தில ஒரு கால், ஆத்தில ஒரு கால். அதுதானே அண்ணை உங்கட ஆள்?"

"கொழந்தைங்க குடிக்கிற பால்ல அணுகுண்டு விஷம் விழ விடமாட்டேன்னு மேடையில சொன்னவரு அவரு. குண்டுக்குப் பணம் கேட்டா எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவாரு. இது என் வாக்கு!" என்றார் சவரிமுத்து, எல்லோர் முன்னிலையிலும்.

பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வெடிப்புக்கான நிதி வாக்கெடுப்புக்கு வந்தது. கொலொம்பெலின் வாக்கு ஆதரவாக விழுந்திருந்தது. "பேப்பர்காரன் தப்பாப் போட்டிருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே சவரிமுத்து ஓராண்டை ஓட்டினார்.

அடுத்த ஆண்டு ஒரு வணிகக் குழுவோடு கொலொம்பெலே சிட்னிக்கு வந்தார். ஹோட்டல் வரவேற்பில் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டார். சவரிமுத்து நேராகக் கேட்டுவிட்டார்.

"அந்த ஓட்டா? நான் அன்றைக்குச் சபையிலேயே இல்லையே!" கொலொம்பெல் சிரித்தார். "ஓட்டுப் போட என் ஆசனத்தில் இருக்கும் சாவியைப் பக்கத்து ஆள் திருப்பியிருப்பார். இல்லாதவர்களுக்கு அப்படித்தானே நடக்கும். உனக்குத் தெரியாததா? வில்லங்கமான ஓட்டு வரும் நாளிலெல்லாம் எனக்கு ஊரில் ஒரு திறப்பு விழா ஏற்பாடு செய்து, ரயில் டிக்கெட் எடுத்ததே நீதானே! உன்னைப்போல் ஒருவன் பிறகு கிடைக்கவில்லை."

பாராட்டாகத்தான் சொன்னார். சவரிமுத்து கையிலிருந்த வைன் கிண்ணத்தை மேசையில் வைத்தார். பள்ளிக்கூடம், நீச்சல்குளம், பால் பண்ணை. ஒவ்வொரு ரிப்பனும் கண்முன் வந்தது. ஊர்ப் பாசம் என்று எண்ணி அவர் தேதி குறித்துக் கொடுத்தவை. அந்த மனிதர் நடுவில் நிற்கவே இல்லை. எங்குமே நிற்கவில்லை.

வீடு திரும்பியபோது படிக்கட்டில் ஜெயரட்ணம் மறித்தார்.

"என்னவாம் அண்ணை உங்கட ஆள்?"

"அன்னிக்கு அவரு சபையிலேயே இல்லையாம். வேற ஒருத்தன் சாவியத் திருப்பினானாம்."

ஜெயரட்ணத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப அவரில பிழையில்லை! நான்தான் வாயைக் குடுத்திட்டன். குறை நினையாதேங்கோ. வாங்கோ, ரீ குடிப்பம்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கொடுத்த வாக்கு பிழைத்துவிடும். மார்கரெட்டும் கதவைத் திறந்துகொண்டு இவர் முகத்தையே பார்த்தாள்.

"இல்ல ஜெயரட்ணம், நீங்க சொன்னதுதான் சரி" என்றார் சவரிமுத்து. "அவரே கைதூக்கி ஓட்டுப் போட்டிருந்தாக்கூட, மனுஷன் மனசு மாறிட்டான்னு மன்னிச்சிருப்பேன்."

தேநீர் வேண்டாமென்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.